சந்தேகம் என்றால் வெளியே

அந்த ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் மைதானத்துக்குப் போனது வேலை நிமித்தமாக அல்ல. "அடுத்த மேட்ச்சுக்குக் கண்டிப்பா வர்றேன்" என்று இரண்டு வருடமாக நாத்தனாரிடம் சொல்லிச் சொல்லி, இனிமேல் சொல்லவே கூச்சமாகிவிட்டதால் போனார். கணவரும் கூட வந்தார். தங்கையின் ஆட்டத்தைப் பார்க்க வந்த அண்ணன், முதல் பாதி முழுக்கப் போனில் யாருக்கோ குழாய் ரிப்பேர் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

நாத்தனாருக்கு முப்பத்தொரு வயது. வாரத்தில் ஐந்து நாள் நகரப் பேருந்து ஓட்டுவாள், ஆறாவது நாள் பயிற்சி, ஏழாவது நாள் ஆட்டம். மகளிர் கால்பந்து அணியில் கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரி. அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் அணியில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். அந்தப் பெயர் டெப்போவரைக்கும் போய், வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணனே அவளைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்.

அறுபத்தோராவது நிமிடத்தில் ஒரு கார்னர். பந்துக்காக இரண்டு பேர் ஒரே நேரத்தில் எம்பினார்கள். எதிரணிக்காரியின் தலை பூட்டின் நெற்றிப்பொட்டில் இடித்தது. மேலே மருத்துவர் உட்கார்ந்திருந்த பதினான்காவது வரிசைக்கே சத்தம் கேட்டது. பூட்டு விழுந்து சில நொடி அப்படியே கிடந்தாள். பிறகு தானாகவே எழுந்தாள். எழுந்தவள் பக்கவாட்டில் இரண்டு அடி போனாள். போக நினைத்துப் போன அடிகள் அல்ல அவை. மூன்றாவது அடியில் நிமிர்ந்துவிட்டாள்.

அணியின் பிசியோ கையில் அட்டையோடு ஓடினார். கேள்விகள் கேட்டார், விரலைப் பார்க்கச் சொன்னார், ஐந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு நிமிடம். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவர் விசில் ஊத, ஆட்டம் தொடர்ந்தது.

கணவர் போனை அணைத்துவிட்டு, "நீ போய்ப் பாக்க வேண்டாமா?" என்றார்.

மருத்துவர் பாதி எழுந்திருந்தார். "அவர் சரியாத்தான் பண்றாரு. சொந்தக்காரங்க எல்லாம் உள்ள இறங்கினா நல்லா இருக்காது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சரியாகத்தான் நடந்தது. விளையாட்டில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு நாடு முழுக்க ஒரே வழிகாட்டிதான் உண்டு. பிசியோ அதில் சொன்னபடி எழுத்துக்கு எழுத்து செய்தார். அந்த வழிகாட்டியை எழுதிய ஏழு நிபுணர்களில் மருத்துவரும் ஒருவர்.

பூட்டின் அணி ஒரு கோலில் ஜெயித்தது. சாயங்காலம் அவள் லேசாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நாற்பது பேரோடு போய்க்கொண்டிருந்த பேருந்தை அவள் ஒரு சந்திப்பின் ஓரத்தில் நிறுத்தினாள். ஆறு வருடமாக ஓட்டுகிற தடம். அந்த முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலப்பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கை விளக்கைப் போட்டாள், கைப்பிரேக்கை இழுத்தாள், வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"கண்ட்ரோல், வண்டியை நிறுத்திட்டேன். வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் சரியில்ல. வேற ஆளை அனுப்புங்க."

பின்னால் ஒருவர், "நாங்க வேலைக்குப் போக வேண்டாமா?" என்று குரல் கொடுத்தார்.

"போகணும் சார். அதுக்குத்தான் நிறுத்தினேன்" என்றாள் பூட்டு. சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

*

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூளை அதிர்வு ஸ்கேனில் தெரிகிற சமாசாரமும் இல்லை. மருத்துவர் தன் ஆஸ்பத்திரியிலேயே வேறொரு டாக்டரிடம் அவளைக் காட்டினார். சொந்தத்தில் ஒருத்தருக்குத் தானே வைத்தியம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தவளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து அஞ்சு வார்த்தையும் கரெக்டா சொன்னியே?"

"குடை, ஆப்பிள், மணல், குதிரை, ஊசி" என்றாள் பூட்டு, கண்ணைத் திறக்காமல். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் அண்ணி. எங்க டீம்ல எல்லாரும் சொல்லுவோம். வார்ம் அப்ல கைதட்டிக்கிட்டு அதைத்தான் பாடுறோம்."

"எப்பவும் அதே அஞ்சுதானா?"

"வேற அஞ்சு இருக்கா என்ன?"

இருந்தது. ஆறு பட்டியல்கள் இருந்தன. ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டியின் முப்பத்தேழாம் பக்கத்துப் பின்னிணைப்பில் போட்டிருந்தது. அட்டை அச்சடித்தவர்கள் முதல் பட்டியலோடு நிறுத்திக்கொண்டார்கள். முப்பத்தேழாம் பக்கம்வரை யார் போவார்கள்?

"சரி, நேத்து மேட்ச் எத்தனைக்கு எத்தனை?"

பூட்டு யோசித்தாள். நெற்றி சுருங்கியது. "ஜெயிச்சோம்னு சொன்னாங்க."

"நீ ஆடினது ஞாபகம் இருக்கா?"

"முதல் பாதி இருக்கு. அப்புறம் பஸ்." கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி அண்ணியைப் பார்த்தாள். "நீங்க மேல உக்காந்து பாத்தீங்கள்ல? நான் தள்ளாடினேனா?"

"ரெண்டு அடி."

"ரெண்டு அடி தள்ளாடினது பதினாலாவது வரிசைக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறமும் என்கிட்ட வந்து ஆப்பிள், குதிரைன்னு கேட்டுட்டு உள்ள அனுப்பிட்டாங்க. தலை சரியா இருக்கான்னு அந்தத் தலைகிட்டயே கேட்டா அது என்ன சொல்லும்? ஆடணும்னுதானே சொல்லும்?" கோபமாகச் சொல்லவில்லை. தடம் மாறி வந்த பயணிக்கு வழி சொல்கிற தொனியில் சொன்னாள்.

மருத்துவர் அன்று வீட்டுக்கு வந்ததும் வழிகாட்டியை எடுத்துப் பிரித்தார். நாற்பத்து நான்கு பக்கம். நான்காம் பிரிவு, இரண்டாம் விதி: 'பரிசோதனையில் தேறும் வீரரை, அணியின் மருத்துவப் பணியாளர் தம் முடிவின்படி ஆட்டத்தைத் தொடர அனுமதிக்கலாம்.' ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த வாக்கியத்தை எழுதியது அவர்தான். 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லில் அப்போது அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. களத்தில் நிற்பவரை நம்புகிற சொல் என்று கூட்டத்தில் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

ஆட்டத்துக்குத் திரும்புவதற்கு ஆறு படிகள் விவரமாக இருந்தன. வேலைக்குத் திரும்புவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் மட்டும்தான் பிழைப்பு என்று ஏழு பேரும் நினைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் பேருந்து ஓட்டுகிற ஒருத்தி இந்த ஒன்பது வருடத்தில் அவர்கள் யாருடைய நினைப்பிலும் வரவில்லை, மருத்துவருக்குச் சொந்த நாத்தனாராக இருந்தும்.

அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தோடு உட்கார்ந்திருப்பது அவர் சுபாவம் இல்லை. அதைத் திருத்த முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எழுதியவர் கையில்தான் அழிப்பதற்கான ரப்பரும் இருக்கிறது.

*

மறுநாள் முதல் வேலையாகப் பிசியோவைத் தேடிப் போனார். அவர் அணியின் அறையில் ஐஸ் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. மருத்துவரைக் கண்டதும் எழுந்து நின்று, "மேடம், எல்லாக் கேள்வியும் கேட்டேன்" என்றார்.

"தெரியும். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க தப்பு பண்ணல. நான் எழுதினதைத்தான் செஞ்சீங்க. தப்பு எழுத்துல இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவ தள்ளாடினதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்களுக்கு என்ன தோணுச்சு?"

பிசியோ ஐஸ் பையைக் கீழே வைத்தார். "வெளிய கூட்டிட்டுப் போகணும்னுதான் தோணுச்சு. ஆனா பாஸ் ஆயிட்டாங்க. பாஸ் ஆனவங்களை வெளிய எடுத்தா கோச் ஏன்னு கேப்பாரு. எனக்குத் தோணுச்சுன்னு சொல்ல முடியுமா? மாத்தி இறக்குற மூணு சப்பும் முடிஞ்சிருந்துச்சு. அவங்களை எடுத்தா பத்து பேரோட ஆடணும்."

அந்தப் பதில் மருத்துவருக்குப் போதுமானதாக இருந்தது. நிபுணர் குழுவுக்குத்தான் போதவில்லை.

குழு மாதத்தின் முதல் வியாழக்கிழமை கூடும். விளையாட்டு ஆணையக் கட்டடத்தின் நான்காம் மாடி, நீள மேசை, எப்போதும் ஒரு சக்கரம் ஆடுகிற நாற்காலி ஒன்று. தலைவர், ஓய்வுபெற்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று ஒற்றை வார்த்தையில் கேட்பார். அதனால் அவர் இல்லாத இடத்தில் அவருக்கு 'ஆதாரம் சார்' என்று பெயர். வழிகாட்டியின் மறுபதிப்பு ஏறக்குறைய முடிந்திருந்தது. மேற்கோள் பட்டியலைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மருத்துவர் நடந்ததைச் சொன்னார். நாத்தனார் என்பதையும் மறைக்கவில்லை.

தலைவர் முழுதும் கேட்டார். "ரொம்ப வருத்தமான விஷயம், டாக்டர். ஆனா ஒருத்தரோட கதை ஆதாரம் ஆகாது. அதுவும் சொந்தக்காரங்க கதை."

"ஆகாதுதான் சார். அதனாலதான் அஞ்சு வாரம் கேக்கறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

பயிற்சியாளர்களின் பிரதிநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்னாள் கோல்கீப்பர், இப்போது தொப்பை போட்ட மனிதர். "சும்மா இருக்கிறதைக் கிளறுறீங்க" என்றார்.

"சும்மா இருந்தா கிளற மாட்டேன்" என்றார் மருத்துவர்.

தலைவர் நாட்காட்டியைத் திருப்பினார். "அஞ்சு வாரம். ஆறு இல்ல."

*

ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மைதானம். பிசியோவும் கூட வந்தார், கேட்காமலே. பதினான்கு அணிகள். கால்பந்து, ஹாக்கி, ஆண்கள், பெண்கள், மதிலில் விளம்பரம் எழுதிய பெரிய மைதானமும் உண்டு, கோல் கம்பத்துக்கு வலையே இல்லாத மைதானமும் உண்டு.

கேட்டது இரண்டே விஷயம். முதலாவது: "தலையில அடிபட்டா கேக்கிற அஞ்சு வார்த்தை தெரியுமா?" வார்த்தைகளை அவர் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று நாற்பத்தெட்டுப் பேர் ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். ஒரு அணியில் கோச்சே சேர்ந்து சொன்னார்.

இரண்டாவது கேள்விக்குச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பேர் போட வேண்டாம். 'தலையில் அடிபட்டதை எப்போதாவது மறைத்திருக்கிறீர்களா? ஏன்?' அணிக்கு ஒரு உறை. தொண்ணூற்றொரு பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். காரணங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. 'சப் இல்லை. நான் போனால் பத்து பேர்.' 'செலக்ஷன் நடக்குது.' 'கோச் திட்டுவார்.' 'வீட்டில் தெரிந்தால் ஆடவே விடமாட்டார்கள்.'

ஒன்பதாவது உறையில் ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'இதை எழுதும்போதே மறைச்சிட்டுதான் இருக்கேன்.'

மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். பிசியோவிடம் நீட்டினார். அது ஒரு ஆண்கள் ஹாக்கி அணியின் உறை.

"பேர் கேக்க மாட்டோம்னு சொல்லியிருக்கோம்" என்றார் பிசியோ.

"கேக்கப் போறதில்ல. ஆனா சும்மாவும் விட முடியாது."

மறுநாள் அதே அணி, அதே நேரம். பயிற்சி தொடங்குவதற்கு முன் எல்லாரையும் புல்லில் உட்கார வைத்தார். "நேத்து நீங்க எழுதினதைப் படிச்சேன். ஒருத்தருக்குத் தலை இன்னும் சரியாகலை. யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அவருக்கு மட்டும் சொல்றேன். முதல் அடி ஆறறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா, சின்ன அடியா இருந்தாலும், நான் படிச்ச படிப்பு எதுக்கும் உதவாம போகலாம். நான் அந்த வாட்டர் டேங்க் பக்கத்துல அரை மணி நேரம் இருப்பேன். தண்ணி குடிக்க யார் வேணும்னாலும் வரலாம்."

அன்று அந்த அணிக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதினாறு பேரும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். யார் என்று வெளியே தெரியாமல் இருக்க எல்லாருமாகப் பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. பதினோராவதாக வந்தவர், உயரமான முன்கள ஆட்டக்காரர், குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "வெளிச்சம் பாத்தா கண்ணு கூசுது மேடம். பத்து நாளாச்சு" என்றார். மருத்துவர் அவரை மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். வந்தார். அந்த மாதம் அவர் மட்டையைத் தொடவில்லை.

இதற்கிடையில் பூட்டு தேறிக்கொண்டிருந்தாள், அவசரப்படாமல். முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு தெருமுனைவரை நடை, பிறகு பூங்காவரை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொல்வது பழைய பழக்கம், அதனால் பலன் இல்லை என்று அவளைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். பிரச்சினை டெப்போவில்தான் வந்தது. மூன்றாவது வாரம் அங்கே கேட்டார்கள்: விளையாட்டு வழிகாட்டிப்படி லேசான பயிற்சி செய்யலாம் என்றால், பஸ் மட்டும் ஏன் ஓட்டக் கூடாது?

"பயிற்சியில நான் விழுந்தா நான் மட்டும்தான் விழுவேன்" என்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து அண்ணியிடம், "இதையும் எழுதிக்கோங்க" என்றாள்.

"நீயே வந்து சொல்லு."

"எங்க?"

"நாலாம் மாடியில. ஒன்பது வருஷமா அந்த மேசையில ஆடுறவங்க யாரும் உக்காந்ததில்ல."

*

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை. பூட்டு இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்றாலும் டெப்போ சீருடையில் வந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஆடுகிற நாற்காலி. உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றபடியே பேசினாள். அந்தத் திங்கட்கிழமை காலை பேருந்தில் என்ன நடந்தது என்பதைச் சொன்னாள். இடமா வலமா என்று தெரியாமல் நின்ற அந்த நொடியைச் சொன்னாள். "எனக்குப் பயமே வரல சார். அதுதான் இப்போ நினைச்சா பயமா இருக்கு. யாராவது இடதுபக்கம்னு சொல்லியிருந்தா திருப்பியிருப்பேன். வலதுபக்கம்னு சொல்லியிருந்தாலும் திருப்பியிருப்பேன்."

மருத்துவர் எண்களை வைத்தார். சீட்டுகளை உறையோடு மேசைமேல் வைத்தார். ஹாக்கி அணியின் சீட்டை உரக்கப் படித்தார்.

பயிற்சியாளர்களின் பிரதிநிதி தொண்டையைச் செருமினார். "நான் ஒத்துக்கறேன், கஷ்டம்தான். ஆனா நடைமுறையைப் பாருங்க. லேசா இடிச்சாலே வெளியன்னா, எதிர் டீம் வேணும்னே இடிப்பான். நல்ல பிளேயரை வெளியேத்த இதைவிட சுலபமான வழி இல்ல."

"அந்தக் கேள்வி நியாயம்" என்றார் மருத்துவர். "அதுக்குப் பதிலும் இருக்கு. தலையில அடிபட்டு ஒருத்தர் வெளிய போனா, எண்ணிக்கையில சேராம கூடுதலா ஒரு சப். டீம் பத்து பேரா ஆகாது. இடிச்சவனுக்குப் பெரிசா லாபமும் இல்ல. பிசியோவுக்கும் கோச்சுக்கும் நடுவுல சண்டையும் இல்ல. தொண்ணூத்தொரு பேர்ல முப்பத்தெட்டுப் பேர் சப் இல்லைங்கறதைத்தான் காரணமா எழுதியிருக்காங்க."

பிரதிநிதி அந்தச் சீட்டுகளை இழுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடினார்.

"நான் போன சனிக்கிழமை ஒரு மேட்ச்சுக்குப் போனேன்" என்றார். "டாக்டர் கணக்கைச் சரிபார்க்கலாம்னு. யார்கிட்டயும் சொல்லல. ஆட்டக்காரங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி, வாசல்ல டீ விக்கிறவர்கிட்ட சும்மா கேட்டுப் பாத்தேன். அந்த அஞ்சு வார்த்தை தெரியுமான்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அவர் பாலை ஆத்திக்கிட்டே சொன்னாரு. அஞ்சும்."

முதலில் சிரித்தது பூட்டு. பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"ஒன்பது வருஷமா நாம அளந்தது ஞாபகத்தை இல்ல, பாட்டை. எனக்கு ஆதாரம் போதும். புது வார்த்தை போட்டாலும் அடுத்த சீசன்ல பாடமாகிடும். அதனால வார்த்தையை மாத்தறது மட்டும் பத்தாது. அந்தப் பரிசோதனையை வச்சு ஒருத்தரை உள்ள அனுப்புறதையே நிறுத்தணும். டாக்டர், நாலாம் பிரிவு ரெண்டாம் விதி நீங்க எழுதினது. நீங்களே திருத்துங்க."

மருத்துவர் முந்தின நாளே திருத்தி வைத்திருந்தார். படித்தார்: 'தலையில் அடிபட்ட ஒருவர் தள்ளாடினால், குழம்பினால், மயங்கினால், அல்லது பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்தால், அவரை உடனே வெளியே அழைத்து வர வேண்டும். அன்று அவர் மறுபடி ஆடக் கூடாது. பரிசோதனையில் தேறினாலும் கூடாது.'

"சந்தேகம் யாருக்கு வரணும்?" என்று கேட்டார் குழுவின் புள்ளிவிவரக்காரர்.

"யாருக்கு வந்தாலும். பிசியோ, நடுவர், கூட ஆடுறவங்க." மருத்துவர் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "பதினாலாவது வரிசையில உக்காந்திருக்கிறவங்களுக்கு வந்தாலும், அவங்க இறங்கி வந்து சொல்லணும்."

வேலைக்கும் படிப்புக்கும் திரும்புவது ஒரு தனிப் பிரிவாகச் சேர்ந்தது. அதில் வாகனம் ஓட்டுகிறவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள், இயந்திரத்துக்கு முன் நிற்கிறவர்கள் என்று தனித்தனியாகப் போட்டார்கள். வேலைக்கு முழுதாகத் திரும்பிய பிறகுதான் ஆட்டம். நிற்காத வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் பலவீனம் இருந்தால் நேரே அவசர சிகிச்சை. ஆறு கைகள் உயர்ந்தன. பயிற்சியாளர்களின் பிரதிநிதி கை தூக்கவில்லை. ஆனால் கூடுதல் சப் கேட்டு விளையாட்டுச் சங்கங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். "எனக்கு எப்படி எழுதினா அவங்க கேப்பாங்கன்னு தெரியும்" என்றார். அவர் வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை மட்டும் திருப்பித் தர மறந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்.

*

நாற்பத்து நான்கு பக்கத்துக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் வைப்பது என்று முடிவானது. அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மருத்துவர் எழுதி எழுதி மைதானத்துக்கு எடுத்துப் போனார். அணியின் உடைகளைத் துவைத்து அடுக்குகிற அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தார். அந்த அம்மா, "'உணர்விழப்பு'ன்னா என்னம்மா, மரத்துப் போறதா?" என்று கேட்டார். அது 'மயங்கி விழுந்தால்' என்று மாறியது. 'அறிகுறிகள் தென்படின்' என்பதைப் பார்த்து ஒரு நடுவர் கொட்டாவி விட்டார். அதுவும் போயிற்று. ஆறாவது தடவை கொண்டுபோனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. பிசியோ அதை வாங்கிப் பையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

பூட்டு ஏழாவது வாரம் டெப்போ வளாகத்துக்குள் காலி பஸ்ஸை ஓட்டிக் காட்டினாள். எட்டாவது வாரம் தன் தடத்துக்குத் திரும்பினாள். பத்தாவது வாரம் பந்தைத் தொட்டாள். தலையால் முட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

புதிய வழிகாட்டி வந்த பிறகு நடந்த முதல் அரையிறுதியில், பூட்டின் அணியில் அதிக கோல் போட்ட பெண்ணின் தலை கம்பத்தில் இடித்தது. அந்தப் பெண் எழுந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்று கையசைத்தாள். ஆனால் கையசைத்தது, தன் அணி என்று நினைத்து எதிரணியின் பெஞ்சைப் பார்த்து. பிசியோ எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள், அவளை வெளியே எடுக்கச் சொல்லிப் பூட்டு கையை உயர்த்திவிட்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் அக்கா. பைனல் போகணும்" என்று அவள் அழுதாள்.

"போவோம். நீ வெளிய உக்காந்து பாரு" என்றாள் பூட்டு.

கோச் பிசியோவைப் பார்த்தார். பிசியோ பையைப் பார்க்கக்கூட இல்லை. "இன்னிக்கு அவங்க ஆட மாட்டாங்க சார்" என்றார். கோச் பெஞ்சில் இருந்த இன்னொருத்தியைக் கூடுதல் சப்பாக எழுந்திருக்கச் சொன்னார். அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை, யாரும் யாரையும் முறைக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண், போனில் எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் வந்தாள். மூன்று வாரத்தில் சரியாகிப் போனாள்.

அந்த சீசனில் நாடு முழுக்க எத்தனை பேர் இப்படி வெளியே அழைக்கப்பட்டார்கள் என்று புள்ளிவிவரக்காரர் கணக்கெடுத்தார். முந்தைய சீசனைப்போல மூன்று மடங்கு. பத்திரிகை ஒன்று, அடிபடுவது மூன்று மடங்கு ஆகிவிட்டதா என்று கேட்டது. "இல்ல, மறைக்கிறது குறைஞ்சிருக்கு" என்று தலைவர் பேட்டி கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் மருத்துவர், "ஆதாரம்?" என்று கேட்டார். தலைவர் முதல்முறையாக அந்த மேசையில் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருத்துவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் டைவிங் பயிற்சியாளர். பத்து மீட்டர் மேடையிலிருந்து குதிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண்மணி. குரலில் எரிச்சல் இருந்தது.

"டாக்டர், உங்க ஒரு பக்கத்தை வாசிச்சேன். வெளியே அழைத்து வர வேண்டும்னு போட்டிருக்கீங்க. எங்களுக்கு எல்லைக் கோடே கிடையாது. தண்ணியில தப்பா விழுந்தா யாரும் இடிச்ச மாதிரியே தெரியாது. மேல வந்து சிரிச்சுக்கிட்டே அடுத்த குதிப்புக்கு ஏறிப் போயிடுவாங்க. ஒரு நாளைக்கு ஒருத்தர் அறுபது தடவை குதிக்கிறாங்க. இதுல நான் எதைப் பாத்துச் சந்தேகப்படணும்?"

மருத்துவர் ஒரு தாளை இழுத்தார். எழுதவில்லை. பதில் அவருக்குத் தெரியவில்லை, தெரியாததில் அவருக்குக் கூச்சமும் இல்லை.

"எனக்குத் தெரியாது. உங்க பயிற்சி எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"நாளைக்கு வர்றேன். குளத்துப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க."